யார் கை

படிவத்தின் ஏழாவது கட்டத்தில்
'சேர்மானங்கள், கிராமில்' என்று கேட்டிருந்தது.
நான் நிரப்பியிருந்தேன்:
கடலை மாவு நாலு டம்ளர்
அரிசி மாவு ஒன்று, தலைதட்டி
மிளகாய்த்தூள் நிறத்துக்கு
உப்பு ஒரு கை.

உரிமம் கொடுக்கும் அதிகாரி சிரிக்கவில்லை.
"யார் கை?" என்றார்.
நியாயமான கேள்விதான்.

பாரிமுனையில் தராசு நானூற்று எண்பது ரூபாய்,
பேட்டரி தனி.
எண்ணூர் நெடுஞ்சாலைக்கு முதுகு காட்டிய என் வீட்டில்
மூன்று பேரும் உட்கார்ந்தோம்,
பஜ்ஜி மாவு பாக்கெட் போடும் குழுவின்
தலைவி, செயலாளர், பொருளாளர்.

தாட்சாயணியின் டம்ளரில்
'கு. வேதவல்லி 14.6.98' என்று புள்ளி குத்தியிருந்தது.
வேதவல்லி யாரென்று அவளுக்குத் தெரியாது.
மெகருன்னிசா கொண்டுவந்தது
வாய் தேய்த்த பால் டின்.
என்னுடையது இடுப்பில் நசுங்கியது.
எறிந்தது நான்.
யார்மேல் என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஒரே மாவு. மூன்று எண்.
தொண்ணூற்றேழு, நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தொன்பது.
அதுவும் நிற்கவில்லை.
கன்டெய்னர் லாரி ஒன்று போனால்
தரை அதிரும், எண் அதிரும்,
எண்பத்தொன்பது தொண்ணூற்றொன்றாகி
மறுபடி எண்பத்தெட்டாகும்.
அடுத்த லாரி.
"நம்ம கடலை மாவையும் சேர்த்து
துறைமுகத்துக்கு ஓட்டிக்கினு போறான்" என்றாள் தாட்சாயணி.

சலித்துப் போட்டால் எண்பத்தி நாலு.
தட்டித் தட்டி அடைத்தால் நூற்றி ஆறு.
அதே டம்ளர், அதே மாவு,
நடுவில் இருபத்திரண்டு கிராம்
தட்டுகிறவளின் அன்றைய மனநிலை.
தண்ணி லாரி வராத செவ்வாய்க்கிழமை பாக்கெட்டுகள்
கொஞ்சம் கனமாகத்தான் போயிருக்கும்.
கல் உப்பு ஒரு கணக்கு, பொடி உப்பு வேறு கணக்கு,
மழை நாளில் இரண்டும் சேர்ந்து
மூன்றாவதாக ஒன்று.

நசுங்கலை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.
தண்ணீர் ஊற்றினேன்.
புது டம்ளர் இருநூறு.
என்னுடையது நூற்றித் தொண்ணூற்று மூன்று.
பதினொரு வருஷத்துக் கோபம்
ஏழு மில்லி.

"எல்லாம் அதே டம்ளர்தானே, விகிதம் மாறாது"
பத்தாவதில் கணக்கில் முதலாக வந்த மெகருன்னிசா சொன்னாள்.
அப்புறம் அவளே நிறுத்தி,
"உப்பு மட்டும் கை" என்றாள்.
ஆக அந்த ஏழு மில்லி
உப்பில்தான் தூக்கலாய் இருந்திருக்கிறது.
சுங்கச்சாவடிக்காரர்கள்
'உங்க மாவுல என்னமோ இருக்குக்கா' என்றது
இதைத்தான் போல.

என் கையை மூன்று முறை அளந்தார்கள்.
பதினொன்று, பதினாலு, பதினொன்று.
பன்னிரண்டு என்று எழுதலாம் என்றார்கள்.
பன்னிரண்டை ஒரு தடவைகூட
நான் அள்ளவில்லை.

பத்தே முக்காலுக்குத் துறைமுக வாசல் அடைத்தது.
லாரி வரிசை கண்ணுக்கு எட்டியவரை நின்றது.
ஹாரன், வசவு,
ஸ்கூல் ஆட்டோ மாட்டிக்கொண்ட சத்தம்.
தராசில் எண் அப்படியே நின்றது.
ஓடி ஓடி நிறுத்தோம்,
நாலு டம்ளர், ஒரு டம்ளர், தூள், பெருங்காயம்,
ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த
நாற்பது நிமிஷத்தில்.

எல்லாம் எடுத்த பிறகும்
ஜன்னலோரத் தட்டை வைத்தால்
நேற்று காட்டியதைவிட ஒரு கிராம் கூட.
விரலால் துடைத்தேன்.
மாவு இல்லை. கறுப்பு.
இரவெல்லாம் புகைக்கூண்டுப் பக்கமிருந்து வந்தது.

"இதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

தாட்சாயணி படிவத்தை மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.