செல்லாது

லூப்ளின் மாவட்ட நீதிமன்றம், இரண்டாம் மாடி.
வாதிகள் இருவர்.
விவாகரத்தாகி ஒன்பது வருடம் கழித்தும்
எங்களை ஒரே பெஞ்சில் உட்காரவைக்க
கடனால் மட்டும்தான் முடிந்தது.
லெஷெக் மெலிந்திருக்கிறான்.
சட்டைக் காலரில் வேறொருத்தியின் இஸ்திரி.

"சுவிஸ் பிராங்க் ஏறினால் என்ன ஆகும் என்று
வங்கியில் யாராவது விளக்கினார்களா?"

விளக்கினார்கள், அம்மா.
டை கட்டிய ஒரு பையன்.
காகிதத்தில் கோடு வரைந்தான்,
காற்றில்லாத நாளின் ஏரி மாதிரி.
"ஆல்ப்ஸ் மலை எங்கே ஓடிப்போகும்?" என்றான்.
சிரித்தோம்.
பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறவள்.
மேலே கம்பி; கொம்பு நழுவினால் வண்டி நிற்கும்.
அந்த ஜனவரியில்
நாணயமாற்றுக் கடையின் சிவப்பு எண்களைப் படித்துக்கொண்டே ஓட்டினேன்.
காலையில் மூன்று ஐம்பத்தைந்து.
திரும்பி வரும்போது நாலைத் தாண்டியிருந்தது.
இறங்க வேண்டியவர் மணி அடித்தது
எனக்குக் கேட்கவே இல்லை.

கட்டக் கட்ட வளர்ந்தது.
எங்களுக்குப் பிள்ளை இல்லை,
வட்டி குட்டி போட்டது.
நாற்பத்தெட்டு சதுர மீட்டர் வீடு
அதற்கே போதவில்லை.
முதலில் லெஷெக் வெளியேறினான்.
(இதை நீதிபதியிடம் சொல்லவில்லை.)

வங்கியின் வக்கீல் எழுந்தார்.
வங்கிக்கு இது மூன்றாவது பெயர்.
"படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார்கள்."
படித்தோம். பதினோராம் பிரிவு:
வங்கியின் அட்டவணைப்படி.
அட்டவணையை எழுதுவது யார் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.

தீர்ப்பு: ஒப்பந்தம் செல்லாது.
கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லாது.
அப்படியொன்று நடக்கவேயில்லை என்று
சட்டம் கருதும்.
வாங்கியதை அவரவர் திருப்பித் தரவேண்டும்.

அந்தப் பேனா இன்னும்
என் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது, மை காய்ந்து.
அதையும் தரவேண்டுமா என்று கேட்க நினைத்தேன்.
அந்த மாலை நாங்கள் வெறும் தரையில் உட்கார்ந்து
அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் சாப்பிட்ட
ஊறுகாய் வெள்ளரிக்காயை
எந்தக் கணக்கில் வைப்பது?

தாழ்வாரத்தில் காபி இயந்திரம்
லெஷெக்கின் ஐந்து ஸ்லோட்டியை விழுங்கிவிட்டு
ஒன்றும் தராமல் நின்றது.
"வழக்குப் போடு" என்றேன்.
பழையபடி மூக்கால் சிரித்தான்.

எங்கள் வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
வங்கி மேல்முறையீடு செய்யும்.
இன்னும் ஒன்றரை வருடமாவது
நீங்கள் இருவரும் வரவேண்டியிருக்கும்.

வருகிறோம் என்றோம்,
இருவரும்,
கொஞ்சம் அவசரமாகவே.