வியோலாவின் வரி

குளிரில் ஆர்கன் சுருதி இறங்கியிருந்தது.
குழாய்களைத் திட்டிப் பயனில்லை,
உள்ளே இருப்பது காற்று,
காற்றுக்கும் குளிர் எடுக்கும்.
ஆகவே நாங்கள் இறங்கினோம்:
நான்கு வயலின், ஒரு செல்லோ, என் வியோலா,
பிருடையைத் தளர்த்தித் தளர்த்தி
ஓராவாப் பள்ளத்தாக்கின் டிசம்பர் வரைக்கும்.

பாட்டை எழுதியவர் வெந்தெலீன்.
எழுதியவர் என்றால் அவரே சிரிப்பார்.
மெட்டு ஆட்டுக்கிடையில் பிறந்தது;
அதற்கு நாலு குரலும் கொஞ்சம் கம்பியும் கொடுத்து
கூரைக்குக் கீழே அழைத்துவந்தார், அவ்வளவுதான்.
பிள்ளைக்கு என்ன கொண்டுவந்தாய் என்று
பெண்கள் கேட்பார்கள்.
புகைபோட்ட பாலாடைக்கட்டி,
கம்பளிக் காலுறை, ஒன்றே ஒன்று,
மற்றது இன்னும் ஊசியில் இருக்கிறது என்று
மர ஆலையிலிருந்து வரும் மூன்று பேர்
அடிக்குரலில் பதில் சொல்வார்கள்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

அந்த இடத்தில் மத்திமம்
அரைப்படி உயர்ந்து நிற்கும்.
ஒத்தீலியா அதைப் பிழை என்று நினைத்தாள்.
பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்;
மூன்று ஒத்திகையிலும்
ஆர்கனில் அதைத் திருத்தி வாசித்தாள்.
நான்காவதில் வெந்தெலீன் கையை இறக்கினார்:
"மேய்ப்பன் அண்ணாந்து பார்க்கிற இடம் அது.
அவன் தலையை ஏன் அமுக்குகிறாய்?"
அவள் பென்சிலைக் கடித்தாள்.
பதில் சொல்லவில்லை.

என் வரியைக் கேட்டால் சிரிப்பீர்கள்.
எட்டு ஆவர்த்தனம் ஒரே சுரம்,
பிறகு அரைப்படி மேலே,
பிறகு வந்த வழியே.
என் மனைவிக்கே அது காதில் விழுந்ததில்லை.

இருபத்துநாலாம் தேதி, இரவு பத்தே கால்.
சாலைத்துறையிலிருந்து அழைப்பு:
கணவாயில் பேருந்து சிக்கியிருக்கிறது, பதினொரு பேர்.
பனி தள்ளும் வண்டிக்கு
அன்று முறை எனக்கு.
வியோலாவை நாற்காலியில் சாய்த்துவிட்டு
படியிறங்கினேன்,
கோட்டுப் பையில் ரோசினோடு.

திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.
கோயிலுக்கு மேலே சாலை வளையும் இடத்தில்
எஞ்சினை நிறுத்தினேன்.
பின்னால் பேருந்தும் நின்றது.
ஹாரன் அடிக்கவில்லை யாரும்.

கண்ணாடியை இறக்கியதும்
முதலில் ஆர்கன், தரைக்கடியிலிருந்து வருவதுபோல.
பிறகு பெண்கள். பிறகு காலுறை.
பேருந்தில் யாரோ சிரித்தார்கள்.
எல்லாம் இருந்தது.
நடுவில் மட்டும்
ஒரு படி கழன்ற ஏணி.

நான் பாடத் தெரிந்தவன் அல்ல.
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
எட்டு ஆவர்த்தனம் முனகினேன், ஒரே சுரம்,
ஆர்கனைவிட இன்னும் கொஞ்சம் இறங்கி.

மத்திமம் வந்தது.
ஒத்தீலியா தூக்கினாள்!
எனக்கும் கழுத்து தானாக உயர்ந்தது.
மேலே பார்த்தேன்:
பனி, வைப்பர்,
மறுபடி பனி.

கியரைப் போட்டேன்.
ஊருக்குள் போக
இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ள வேண்டியிருந்தது.