பால் வராத இலை

பரனாகுவா துறைமுகத்துக்கு
இன்னும் பதினோரு கிலோமீட்டர்.
அத்தனையும் லாரி.
தார்ப்பாய்க்கடியில் முப்பது டன் சோயா,
சட்டைக்கடியில் ஒரு புண்.

"நாணய அளவு" என்றார் டாக்டர்.
எந்த நாணயம் என்று நான் கேட்கவில்லை.
அந்தப் படம்
கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறது,
மகளின் முதல் நன்மைப் படத்துக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாள்.
பின்வண்டி வால்தெசிர்
மூக்கை நுழைத்து முந்தப் பார்க்கிறான்.
அவன் முந்தினால் எனக்கு வயிறெரியும்.
முந்தாவிட்டாலும் எரியும்.

ஜுரேமா வருகிறாள்,
சைக்கிள் கூடை நிறைய முள்ளிலை.
ஓரமெல்லாம் ஊசி.
புண்ணுக்கு மருந்தாம், பேர் புனித முள்ளாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒரு இலையை ரெண்டாகக் கிழித்தாள்.
"பார், பால் கசியல.
கசிஞ்சா அது வேற மரம்.
பெட்ரோல் பங்க்ல விக்கிறான் பாரு, அது."

பால் வராத இலைதான்
வயிற்றில் பால் வார்க்குமாம்.

"மாத்திரைய விட்டுடாதே.
மாத்தேயை விடு."
கொதிக்கக் கொதிக்க
நாளைக்குப் பத்துக் குடுவை மாத்தே குடிப்பவனிடம்
சொல்கிற பேச்சா இது?
ஆனாலும் ஆறு ரியால் கொடுத்தேன்.

பிளாஸ்க் வெந்நீரில் இலை பழுத்தது.
பச்சைப் புல்லை மென்ற ருசி.
இருக்கையைச் சாய்த்து,
முழங்காலை வயிற்றோடு மடக்கி,
எப்போது கண்ணயர்ந்தேனோ.

விடிந்தபோது
எனக்கு முன்னால் வால்தெசிரின் பின்விளக்கு.
அவனுக்கு முன்னால் இன்னும் நாலு புது வண்டி.

ஹாரனில் கை வைத்தேன்.
எடுத்து வயிற்றில் வைத்தேன்.

இலையோ, மாத்திரையோ,
ஆறு மணி நேரத் தூக்கமோ.

எரியவில்லை.