212-ஆம் பக்கம்

சௌராஸ்தா சந்தை மாடியில்
ஆறு வெள்ளிக்கு வாங்கினேன் அவளை.
அட்டை இல்லை. முதல் தாளில்
ஏதோ கான்வென்டின் நீல முத்திரை.
212-இல் அவள் கடிதத்தை எரிக்கிறாள்;
தங்கைக்கு வந்தது, தங்கை பார்க்காதது.
பக்க ஓரத்தில் யாரோ ஒரு மாணவி
பென்சிலால், தமிழில், தாள் குழியும்படி:
பாதகி.

பட்டர்வொர்த் படகில் நின்றபடி படித்தேன்.
ஆங்கிலேய வீட்டில் கணப்பு இருக்கிறது.
இடுக்கியால் ஒருமுறை புரட்டினால் சாம்பல்,
பிறகு மழை, பிறகு அத்தியாயம் முடிந்துவிடும்.
எனக்குக் கிடைத்தது இந்தக் கடல்.
காகிதம் உடனே மூழ்காது.
மூன்றாய்க் கிழித்தும்
'திரும்பி வா' என்ற துண்டு மட்டும்
ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் சொறிமீனுக்கும் நடுவே
ஜெட்டிவரை கூடவே வந்தது.

பாசிர் கூடாங்கிலிருந்து எழுதியிருந்தான்.
குடியை விட்டுவிட்டானாம். நல்ல கையெழுத்து.
அந்தக் கையை
தவமலரின் கன்னத்தில் பார்த்தவள் நான்.
நான்கு விரல். மோதிரம் பட்ட இடம் சற்று ஆழம்.
அவளுக்காகத்தான் கிழித்தேன்.
அது உண்மை.
அவள் தரும் பாதி வாடகையும் உண்மை,
இரவு எட்டுக்கு மேல்
அடுத்த அறையில் ஓர் ஆள் இருமும் சத்தமும்.
எது முதலில் என்று கேட்டால்
கைகளைத்தான் கேட்க வேண்டும்.

நாவல்காரர் அவளை லேசில் விடவில்லை.
எழுபது பக்கம் துரத்துகிறார்:
காய்ச்சல், கெட்ட கனவு, ஒரு பாதிரியார்.
ஆனால் எரித்த மறுநாள் காலை
இரண்டு முட்டை சாப்பிட்டாள் என்று ஒரு வரி,
எழுதியவரே கவனிக்காமல் விட்டுப்போனது மாதிரி.
அங்கேதான் அவளை எனக்கு அடையாளம் தெரிந்தது.
நானும் அன்று ரொட்டி சானாய் இரண்டு,
டால்ச்சா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி.

மாணவி 260-இல் பென்சிலைச் சீவியிருக்கிறாள்.
301-இல் மறுபடி எழுதத் தொடங்கி
'பா'வோடு நின்றிருக்கிறாள்.
அப்புறம் ஓரமெல்லாம் வெறுமை.
பரீட்சை முடிந்ததோ, மனம் மாறியதோ,
அவள் வீட்டுக்கும் ஒரு கடிதம் வந்ததோ.

நேற்று அரிசி களைந்துகொண்டே தவமலர்:
"என்ன கதைக்கா அது, இத்தனை நாளா?"
"அக்கா தங்கச்சி கதை."
"கடைசியில அவளுக்குத் தெரிஞ்சிடுதா?"
கடைசி அத்தியாயத்தை
முந்தின இரவே முடித்திருந்தேன்.
"இன்னும் அங்க வரல" என்றேன்.
இரண்டு தட்டுகளைக் கழுவி
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன்.