காக்கை உட்கார்ந்த பல்

ஆறு பேர் அமரும் விமானத்தில்
ஐந்து பேரும் ஒரு நாற்காலியும் வந்தோம்.
நாற்காலியை எடை போட்டார்கள்.
என்னையும் போட்டார்கள்,
கோட்டோடு, கூச்சமே இல்லாமல்.

ஓடுபாதையிலிருந்து பனிவண்டியில் இழுத்துப்போன நிக்கிஃபர் கேட்டார்:
"இந்தத் தடவை எத்தனை பிடுங்கப்போறே?"
பிடுங்காமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.
மோட்டார் இரைச்சலில் அவருக்குப்
'பிடுங்க' மட்டும் கேட்டிருக்கும்.
தலையாட்டினார்.

பள்ளியில் பூட்டு உள்ள ஒரே அறை நூலகம்.
திமிங்கலப் புத்தகங்களுக்கும்
அலாஸ்கா கிழிந்துபோன அட்லாஸுக்கும் நடுவே
நாற்காலியை விரித்தேன்.
நெற்றியில் விளக்கு.
சுரங்கத்தில் இறங்குகிறவளாக
ஒவ்வொரு வாயாய் இறங்கினேன்.

ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப்பல்லை
மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா?
குஸ்கொக்விம் கடலைச் சேரும் இடம் மாதிரியே இருக்கும்.
கிளை, கிளைக்குள் கிளை,
எங்கும் போகாத ஓர் ஓடை.
சோடா அங்கேதான் தேங்கும்.
அந்த ஓடைகளை அடைப்பது என் வேலை:
துடை, காயவை, ஒரு சொட்டு,
நீல வெளிச்சம், இருபது எண்ணு.
பிள்ளைகளே எண்ணினார்கள்,
திறந்த வாயோடு,
மெய்யெழுத்தெல்லாம் உதிர்ந்துபோய்
உயிரெழுத்து மட்டும் மிஞ்சிய எண்கள்.

கடையில் பாலைவிட சோடா மலிவு.
குழாய்த் தண்ணீர் இந்த வருடமும் வரவில்லை.
'இனிப்பு பானங்களைத் தவிர்ப்போம்' சுவரொட்டியை
மூன்று வருடமாகப் பெட்டியிலிருந்து
நான் எடுக்கவே இல்லை.

வாசிலி, இரண்டாம் வகுப்பு.
கீழ்வரிசைச் சொத்தை,
நரம்புக்கு ஒரு மயிரிழை முன்னால்.
வெள்ளி கலந்த மருந்தைத் தொட்டு வைத்தேன்.
துளை இல்லை, ஊசி இல்லை.
காலைக்கூட உதைக்கவில்லை அவன்.
சொத்தை நின்றுவிடும்,
நின்ற இடம் கறுத்துவிடும்,
அந்தப் பல் விழும்வரை.

அம்மாவிடம் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தேன்.
தாள் வேறு, பிள்ளை வாய் வேறு.
மறுநாள் விடிந்ததும் அகஃபியா வந்து நின்றாள்,
பூட்ஸில் பனி உருக.
"கறுப்பாக்கிட்டே."

விளக்கினேன். கூடுதலாகவே விளக்கினேன்.
அவளுடைய பெரியவனை ஆங்கரேஜுக்குக் கொண்டுபோய்
மயக்கம் கொடுத்து எட்டுப் பல் எடுத்ததை
அவளுக்கே எடுத்துச் சொன்னேன்.
அந்த ஆஸ்பத்திரி நடையில்
அவன் குட்டிச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி
நின்றவளிடம்.
உதடு பிரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
பேசுவதும் அப்படித்தான், உதடு அதிகம் பிரியாமல்.
மூன்று வருடமாகப் பார்க்கிறேன்,
ஏன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இடைவேளையில் வாசிலி
சுண்டுவிரலால் கன்னத்தை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்:
"என் பல்லுல அண்டங்காக்கை உட்கார்ந்திருக்கு.
யார் வந்தாலும் கொத்தும்."
மதியத்துக்குள் நூலக வாசலில் வரிசை.
எனக்கும் காக்கை. எனக்கும்.
எனக்கு ரெண்டு.

ஒலிங்காவுக்கு ஐந்து வயது.
பால் பற்கள் இருபதும் முழுசு.
இந்த ஊரில் இந்தத் தடவை
நான் எழுதிய ஒரே பூஜ்யம்.
உனக்கு ஒன்றுமே தேவையில்லை என்றேன்.
ஓவென்று அழுதாள்.
வாயை அத்தனை அகலம் திறந்து அழுதாள்,
சமாதானம் செய்ய மறந்து
எண்ணிக்கொண்டிருந்தேன் நான்.

மூடுபனி. விமானம் இல்லை.
இரண்டு இரவு அட்லாஸுக்குக் கீழே தூக்கம்.
காலையில் உடற்பயிற்சிக் கூடத்தில்
நாற்பது பிள்ளைகள் பல் தேய்த்து
காகிதக் கோப்பையில் ஒரே நேரத்தில் துப்பும் சத்தம்.
வாத்தியாருக்குக் கூச்சம்,
எனக்கு மழை.

மூன்றாம் நாள் அகஃபியா மறுபடியும்.
பழைய செய்தித்தாளில் சுற்றிய உலர்ந்த சால்மன்.
வாசிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"கெட்டியா இருக்கும்," என்றாள்,
"உனக்குத்தான் பல் இருக்கே."

கயிறு மாதிரி இருந்தது.
அவள் பார்த்துக்கொண்டிருக்க
மென்றேன்.