கீழ்ப்படிச் சூடு

நவம்பர் முழுக்க நான் செங்கல்தான் சுட்டேன்.
முதல் ரொட்டியைப் பலகையில் வைத்தபோது
பலகை முனகியது.
இரண்டாவதைச் சிட்டுகளுக்கு உதிர்த்துப் போட்டேன்.
காயானியின் சிட்டுகள்,
மைனஸ் இருபதில் பசித்துக் கிடப்பவை,
ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு
பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டன.

ஏலிஸுக்கு வயது பதினான்கு.
என் மகன் இல்லை, ரைமோவின் மகன்.
இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை
ஓலுவிலிருந்து ரயிலில் வருவான்
முதுகுப்பையில் தன் ரொட்டியோடு.
கோதுமை ஆகாது, ரை ஆகாது, பார்லி ஆகாது
அவன் குடலுக்கு.
எங்கள் மேசையில் தன் பொட்டலத்தைப் பிரிப்பான்,
தன் துண்டைத் தின்பான்,
சிந்திய துணுக்குகளைத் தானே துடைத்துவிட்டு
விருந்தாளியைப்போல் எழுந்து போவான்.

நான் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்.
எவ்வளவு அழுத்தினால் எது நகரும் என்பது
என் கைக்குத் தெரியும்.
மாவையும் அப்படித்தான் பிசைந்தேன்
முழங்கை கடுக்க.
இந்த மாவில் பிசைந்து எழுப்ப
ஒன்றுமே இல்லை என்பது
மூன்றாம் செங்கலில்தான் உறைத்தது.
கோதுமைக்குள் ஒரு பசை உண்டு,
இழுத்தால் நீளும், ஊதினால் தாங்கும்.
அரிசிக்கும் பக்வீட்டுக்கும் அந்தக் குணம் கிடையாது.
ஈஸ்ட் பாவம், மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது;
சுவரில்லாத வீட்டில் யார் மூச்சு நிற்கும்?

அதற்குத்தான் இசப்கோல்.
வெதுவெதுத்த நீரில் இரண்டு பெரிய கரண்டி.
பத்து நிமிடத்தில் தவளை முட்டைபோல் கொழகொழத்து
கரண்டியை விடமாட்டேன் என்கிறது.
அதில் மாவைக் கலந்தேன்,
கஞ்சியைவிடக் கெட்டியாக,
சிமெண்டைவிட இளக்கமாக.
(முதல் மூன்றும் சிமெண்ட்.)
புதுத் தகரம், ஒடுங்கியது, உயரமானது.
பழையதன் மூலைகளில் இருபது வருடத்துக் கோதுமை இருக்கிறது.
ஈரக் கையால் மேலே ஒரு தடவல்,
காய்ச்சலில் இருக்கும் நெற்றியைத் தடவுவதுபோல்.

ஆனால் எங்கள் சமையலறை பத்தொன்பது டிகிரி.
அதில் ஈஸ்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை.
எல்லோரும் குளித்து முடித்து
சவுனா அடுப்பு தணிந்துகொண்டிருந்தது.
மேல்படி இன்னும் கொதிக்கிறது, வைத்தால் செத்துப்போகும்.
கீழ்ப்படியில் கை வைத்துப் பார்த்தேன்,
பூனை படுத்து எழுந்த நாற்காலியின் சூடு.
அங்கே வைத்து, ஈரத் துண்டு போர்த்தினேன்.

காலுறை தேடி வந்த ஏலிஸ் நின்றான்.
"அது குளிக்குதா?"
இந்த வீட்டில் அவன் சொன்ன முதல் நகைச்சுவை.
"ஒரே ஒரு தடவைதான் எழும்," என்றேன்.
"விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருக்கும்போதே
அடுப்புக்குப் போயிடணும். தாண்டினா விழுந்திடும்."
யாருடைய விரல் என்று கேட்டான்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.
ஓலு சாலையில் காற்று, மூடிக்கொண்டிருக்கிறது, வா.
ரைமோ ஏற்கெனவே குறட்டை.
நாலு மணி நேரம் வெள்ளையைத் தள்ளினேன்.
தள்ளத் தள்ளப் பின்னால் விழுந்தது.
தகரத்தை நினைத்தேன், பிறகு நினைக்கவில்லை.

திரும்பியபோது மணி மூன்று.
வாசலிலேயே வாசம்.
கம்பித் தட்டில் ரொட்டி,
நடுவில் சிறு பள்ளம்,
உட்கார்ந்து எழுந்த மெத்தைபோல்.
கீழே ஒரு சீட்டு:
*தர்யா, அரை விரல் தாண்டிடுச்சு. என் விரல்.
தூங்கிட்டேன். இப்ப வெட்டாதே, உள்ளே இன்னும் வேகுது.*

வெட்டவில்லை.
பனிச் சப்பாத்தோடு எதிரில் உட்கார்ந்தேன்.
உருகிய நீர் தரையில் குளம் கட்டியது.
அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன்,
காலிப் பெட்டியின் சத்தம்.
காலி என்ற சொல் எனக்கு அன்றைக்குப் பிடித்தது.

காலையில் அந்தப் பள்ளத்தை அவன் தனக்கென்று கேட்டான்,
வெண்ணெய் தங்கும் என்று.

ஞாயிறு ரயிலில் பாதி ரொட்டி போனது.
அவன் கொண்டுவந்த பொட்டலம்
எங்கள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.
மறந்தானா, விட்டுப்போனானா,
நான் கேட்கவில்லை.
புதன்கிழமை அதை உதிர்த்துச் சிட்டுகளுக்குப் போட்டேன்.
துரோகிகள், ஒன்று விடாமல் தின்றன.