இரண்டாவது பொத்தான்

பள்ளி திறக்க மூன்று நாள்.
மாங்கூழ் ஆலையில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு
கோபிகாவோடு கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு வந்தேன்.
சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலிடுக்கில்
பெங்களூரா காயின் பால் கறுத்துக் கிடந்தது.
வெள்ளைச் சட்டைகளைத் தொடாமல்
கண்ணாலேயே புரட்டினேன்.

"எத்தனாவது?"
"ஏழுக்குப் போறா."
இலியாஸ் முப்பது எடுத்தான்,
நான் முப்பத்திரண்டு கேட்டேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
காலையிலிருந்து எத்தனை அம்மாக்களோ,
எல்லோருக்கும் அதே கணக்கு.
அடுத்த வருசத்துக்கும் வரும்.

வந்தது சட்டை.
தோள் தையல் முழங்கைக்கு வழி கேட்டது.
மெரூன் கட்டம் போட்ட ஸ்கர்ட்டை
ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டு
அவள் என்னைப் பார்க்கவில்லை,
கண்ணாடியையும் பார்க்கவில்லை.
"ஊக்கு குத்திக்கலாம்" என்றேன்.
போன வருசமும் அதைத்தான் சொன்னேன்.

அப்போதுதான் கடைக்குள் வந்தார் அந்த ஆள்.
காது மடலில்கூடச் செம்மண்.
பத்து மாதமாக ஜபல்பூர் பக்கம் போர் லாரியில்.
பேர் மாதப்பன் என்று பில் போடும்போது கேட்டது.
"பர்கூர் ஸ்கூலு, நீலக் கட்டம், பொண்ணுக்கு."
"என்ன சைஸ்ணா?"
கையைக் காற்றில் நிறுத்தினார்.
கொஞ்சம் ஏற்றினார்.
பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார்.
"ஆயுத பூஜைக்கு வந்தப்ப
இந்த மூணாவது பொத்தான் வரைக்கும் இருந்தா.
இப்ப ரெண்டாவதுக்கு வந்திருப்பா."

வீட்டுக்குப் போன் போட்டார்.
எடுக்கவில்லை.
மறுபடி போட்டார்.
"சொல்லாம போறேன், அதான்" என்று
யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

அவர் கண் கோபிகாவிடம் வந்து
என்னிடம் திரும்பியது.
"ஏங்கா, பாப்பாவை ஒரு நிமிசம்..."

ஒரு முழம் தள்ளி
அவர் எதிரில் போய் நின்றாள் என் பெண்.
இலியாஸ் இஞ்சு டேப்பை நேராகப் பிடித்துப் பார்த்தான்.
உச்சந்தலை சரியாக இரண்டாவது பொத்தான்.
அவர் முகம் போன போக்கைப் பார்க்காமல்
நான் பில்லைப் பார்த்தேன்.

முப்பது.
நீலக் கட்டத்தைப் போட்டுக்கொண்டு
திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள் கோபிகா.
தோள் தோளில் இருந்தது.
இடுப்பைப் பிடிக்க வேண்டியிராத கை
என்ன செய்வதென்று தெரியாமல்
பின்னலை எடுத்து முன்னால் போட்டது.
கண்ணாடிக்குள் யாரோ
வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

"ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்கண்ணா,
வளர்ற பொண்ணு" என்றான் இலியாஸ்.
"வேணாம்பா.
பத்து நாள்ல திரும்பக் கெளம்பிருவேன்.
சரியா இருக்கறப்பவே
பாத்துட்டுப் போயிடறேன்."

"கழட்டு கோபி, நேரமாகுது."
கழற்றினாள்.
உள்ளே போய் வெகு நேரம் கழித்து.

அவர் அவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்.
ரவுண்டானா பக்கம் நடந்து போய்விட்டார்.
பையை மார்போடு வைத்திருந்தார்,
மழையும் இல்லை ஒன்றும் இல்லை.

காவேரிப்பட்டணம் பஸ்ஸில்
மாங்காய் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம்.
"அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?"
கேட்கவில்லை என்றேன்.
"ஏழாவதுதானா அவளும்?"
அதையும் கேட்கவில்லை.
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள்.
பள்ளி வேனுக்கு ஆசைப்பட்டது நான்தான்.
அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தால் சீருடை சும்மா வரும்.
அதை இன்றைக்கு நினைக்கக் கூடாது என்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி,
ஊக்கு டப்பாவைத் திறந்தேன்.
பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் கேட்காமல்.
டப்பாவை மூடிவிட்டு ஊசியை எடுத்தேன்.
மெரூன் நூல் இல்லை, கறுப்பு இருந்தது.
இடுப்பில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம்,
தோளில் அரை அங்குலம்
உள்ளே மடித்து வைத்துத் தைத்தேன்.

பெரிய பெரிய தையலாக.
அடுத்த மே மாதம்
ஒரே இழுப்பில் பிரிந்து வருகிற மாதிரி.